சாப்பாடும் மரபணுவும்: பிஎச்டிக்கு வருபவர்கள் என்னிடம் கேட்பவை

சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் பிஎஸ்சி நியூட்ரிஷன், அங்கேயே எம்எஸ்சி, பிறகு 2013 முதல் 2019 வரை மூலக்கூறு ஊட்டச்சத்தில் பிஎச்டி. என் படிப்பு அவ்வளவுதான். இப்போது தரமணிப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் குழுவில் இருக்கிறேன். எம்எஸ்சி ரிசல்ட் வந்ததும் ஜூனியர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. சிலவற்றை அவர்கள் கேட்பதில்லை, அவர்களுடைய அம்மா அப்பா கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நியூட்ரிஷன் படித்தவளை மூலக்கூறு உயிரியல் லேபில் சேர்ப்பார்களா, அக்கா?

சேர்ப்பார்கள். முதல் வருடம் கொஞ்சம் கூனிக் குறுகி நிற்க வேண்டியிருக்கும். என் நேர்காணலில் பிரைமர் என்றால் என்ன என்று கேட்டார்கள்; புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன். மைக்ரோ பைப்பெட் பிடித்ததுண்டா என்றார்கள். இல்லை. எம்எஸ்சியில் நான் உருப்படியாகக் கையால் செய்தது பாஸ்பரஸ் அளக்கும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறைதான். சோதனைக் குழாயில் நீல நிறம் ஏறும், அதன் அடர்த்தியைப் படித்து அளவு சொல்ல வேண்டும். அதைச் சொன்னதும் ஒரு பேராசிரியர், "சரி, அந்த சுப்பாராவ் யார்?" என்றார். தெரியவில்லை. இரண்டு வருடம் அவர் முறையைச் செய்திருக்கிறேன், ஆள் யாரென்று தெரியாது.

யெல்லாப்ரகட சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்எம்எஸ் சான்றிதழோடு வெளியே வந்தவர். ஹார்வர்டுக்குப் போய் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-ல் அந்த முறையை வெளியிட்டார். பிறகு லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தில் அவர் நடத்திய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதே ஃபோலிக் அமிலத்தின் உருவத்தைச் சற்றே மாற்றி, செல் பெருகுவதைத் தடுக்கும் மருந்துகளும் அங்கிருந்தே வந்தன. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு 1947-ல் கொடுத்துப் பார்த்த அமினோப்டெரின் அப்படிப் பிறந்ததுதான். கீரையில் இருக்கும் ஒரு சத்தைப் பின்தொடர்ந்து போன மனிதர், டிஎன்ஏ உருவாவதை நிறுத்தும் மருந்தில் போய் நின்றார். நாம் செய்யப் போவதும் அதே ரோட்டில்தான்.

லேப் கைவேலையை ஒன்றரை வருடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் தட்டில் என்ன விழுகிறது, எவ்வளவு விழுகிறது என்று அளக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பயோடெக் படித்து வருபவர்களிடம் பெரும்பாலும் இருக்காது. அதைக் கைவிட்டுவிட்டு அவர்களைப் போலவே ஆகப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், மூன்று வருடம் வீணானது. அந்தக் கதை கீழே வரும்.

இந்தத் துறையில் என்னதான் செய்கிறார்கள்? வீட்டில் விளக்கிச் சொல்ல முடியவில்லை.

சாப்பிட்டது செல்லுக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். முருங்கைக்கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடம்பில் வைட்டமின் ஏ ஆகிறது. அதில் ஒரு பகுதி ரெட்டினோயிக் அமிலமாக மாறி, செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து, டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, சில மரபணுக்களைப் போடுகிறது, சிலவற்றை அணைக்கிறது. அந்த ஏற்பிப் புரதம் 1987-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இது சாப்பாடு மரபணுவை ஆட்டுவது.

மறுபக்கம், மரபணு சாப்பாட்டை ஆட்டுவது. பாலில் இருக்கும் லாக்டோஸைச் செரிக்கும் என்சைம் பலருக்குப் பால்குடி மறந்த பிறகு குறைந்துவிடும். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்குக் குறையாது. அந்த மாற்றம் இந்தியாவின் வடமேற்கே அதிகம், தெற்கே குறைவு. டம்ளர் பால் குடித்தால் வயிறு உப்பும் தாத்தா தயிர்சாதத்தை மட்டும் நிம்மதியாகச் சாப்பிடுகிறார் என்றால் காரணம் இருக்கிறது: லாக்டோஸில் ஒரு பங்கை பாக்டீரியாக்கள் ஏற்கெனவே தின்று முடித்துவிட்டன.

எனக்குப் பிடித்த உதாரணம் கிண்டியில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல், தோலையும் ஈறையும் இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் சேர்ந்தது என்று வடிவம் சொன்னார்கள்; அடுத்த வருடமே அந்த மூன்றும் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருப்பதாகத் திருத்தினார்கள். அந்தக் கயிறு உடம்புச் சூட்டில் பிரியாமல் நிற்க, இழையில் இருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலங்கள் பலவற்றில் ஒரு ஹைட்ராக்சில் ஒட்ட வேண்டும். ஒட்டுகிற என்சைம் வைட்டமின் சி இல்லாமல் ஓடாது. ஓடாவிட்டால் ஈறு கசியும், ஆறிய காயம் மறுபடி திறக்கும்: அதுதான் ஸ்கர்வி. அப்பாவுக்கு இதை நெல்லிக்காயை வைத்து விளக்கினேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்களிடம் "பொண்ணு நெல்லிக்காயில டாக்டரேட் பண்ணுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

சென்னையில் எங்கெங்கே செய்யலாம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி, தரமணி வளாகங்கள். தரமணியில் இருக்கும் டாக்டர் ஏ. எல். எம். அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் அதைச் சேர்ந்ததுதான். ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்ப மையம், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா. சிறுதானியம், ஊட்டச்சத்து என்றால் 1988-ல் தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். சர்க்கரை நோய், அரிசி, மரபணு மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே பார்க்க வேண்டுமென்றால் மெட்ராஸ் டயாபடீஸ் ஆராய்ச்சி அறக்கட்டளை. ஹோம் சயின்ஸ் துறை உள்ள கல்லூரிகளிலும் பிஎச்டி உண்டு. அங்கே லேப் வசதிக்கு வெளியே ஓர் இணை வழிகாட்டி பிடிக்க வேண்டிவரும்.

சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தை நம் ஆட்கள் யாரும் யோசிப்பதில்லை. காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடு போட்டு ஓய்வு கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஏழைக் குடிசையிலேயே இருந்துகொண்டு, மோசமான சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, மருந்தை மட்டும் ஒழுங்காக எடுத்தாலும் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது என்று 1959-ல் காட்டியது அந்த இடம். அதே நிறுவனம் 2023-ல் ஜார்க்கண்டில் செய்த ஆய்வை வெளியிட்டது. அதில் நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் உணவுப் பொருட்கள் கொடுத்தபோது, அவர்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எம்எஸ்சி மாணவர்களிடம் "சாப்பாடு முக்கியமா இல்லையா?" என்று கேட்பேன். முழிப்பார்கள். முதல் ஆய்வு கேட்டது வந்த நோய் போகுமா என்று. இரண்டாவது கேட்டது நோய் வராமல் இருக்குமா என்று. கேள்வியே வேறு.

நெட் எழுதியே ஆக வேண்டுமா? மாதம் எவ்வளவு வரும்?

எழுதுங்கள். நெட் என்பது தேசிய தகுதித் தேர்வு. லைஃப் சயின்ஸில் சிஎஸ்ஐஆர் நெட், அல்லது ஹோம் சயின்ஸில் யுஜிசி நெட். முதலாவதில் 145 கேள்வி கொடுத்து 75-க்குத்தான் பதில் எழுதச் சொல்வார்கள், 200 மதிப்பெண், தப்புக்குக் கால் பங்கு போகும். செல் உயிரியல் புதிதாகப் படிக்க வேண்டும் என்பதால் நம் ஆட்கள் பயந்து இரண்டாவதுக்கே போகிறார்கள். லேப் பக்கம் வரப்போகிறவர் முதலாவதுக்குப் படித்தால், தேறாவிட்டாலும் அந்தப் படிப்பு கைகொடுக்கும். 2024-லிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்துப் பிஎச்டி சேர்க்கையும் நடக்கிறது. அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குச் செல்லும்.

அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, மேலே வீட்டு வாடகைப்படி. நான் சேர்ந்தபோது 16,000. எனக்கு அது மாதாமாதம் வந்ததில்லை. ஐந்து மாதம் எதுவும் வராமல் ஆறாவது மாதம் மொத்தமாக வரும். ஐந்து மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். பணம் வரும்வரை பெருங்குடி ஹாஸ்டல் அக்காவின் பொறுமைதான் என்னைக் காப்பாற்றியது.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கைடிடம் பேசுவதற்கு முன்னால் அவருடைய மூன்றாம் வருட ஸ்காலரிடம் பேசுங்கள். லேபில் வேண்டாம், கேண்டீனில். கேட்க வேண்டியது இரண்டுதான். கெமிக்கல் ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வரும்? கடைசியாக இங்கிருந்து பிஎச்டி முடித்தவர் எத்தனை வருடத்தில் முடித்தார்? "மேம் ரொம்ப நல்லவங்க" என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

முதல் வருடம் எப்படி இருக்கும்?

கோர்ஸ் ஒர்க் இருக்கும், ஆராய்ச்சி நெறிமுறைத் தாள் கட்டாயம் இருக்கும். அது தானாக ஓடிவிடும். உண்மையான முதல் வருடம் பெஞ்சில்தான்.

என் ஆய்வின் முதல் பாதி, கேழ்வரகின் மேல்தோலில் இருந்து எடுத்த பாலிஃபீனால் என்ற தாவரப் பொருட்களைக் கொழுப்புச் செல்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது. 3டி3-எல்1 என்ற எலிச் செல். அது வரும்போது கொழுப்புச் செல்லாக இருக்காது. தட்டு நிறைய வளர விட்டு, நிறைந்து இரண்டு நாள் கழித்து, மூன்று மருந்து கலந்த கலவையைக் கொடுத்தால் எட்டு பத்து நாளில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எண்ணெய்த் துளிகள் திரளும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ரசத்தின் மேல் மிதக்கிற தாளிப்பு எண்ணெய் மாதிரியே இருக்கும். சாயம் ஏற்றினால் குங்குமச் சிவப்பு. முதல் தடவை பார்த்தபோது அம்மாவுக்குப் படம் அனுப்பினேன்.

அந்த முதல் தடவை வருவதற்கு ஏழு மாதம் ஆனது. கலவைக்கு முந்தைய கட்டத்தில் கன்றுக்குட்டி சீரம் (செல்லுக்குத் தீனியாகப் போடும் ரத்த நீர்) போட வேண்டிய இடத்தில் பிறவாக் கன்றின் சீரம் போட்டேன். செல்கள் நன்றாகத்தான் வளர்ந்தன, கொழுப்பாக மாற மறுத்தன. அப்புறம் மழைக்காலத்தில் பூஞ்சை. சென்னை ஈரத்தில் இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டை வாரா வாரம் மாற்றாவிட்டால் நவம்பரில் அழ வேண்டியதுதான். ஒரு திங்கள்கிழமை கதவைத் திறந்தால் 12 தட்டிலும் பஞ்சு. பக்கத்து பெஞ்ச் சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு, "வா, டீ குடிக்கப் போலாம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஒரு மரபணு வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் நகலான ஆர்என்ஏவைச் செல்லிலிருந்து எடுக்க வேண்டும். அது தனிக் கலை. நம் விரலிலேயே அதைத் தின்னும் என்சைம் இருக்கிறது. கையுறையோடு போனை எடுத்துவிட்டு அதே கையுறையோடு டியூபைத் தொட்டால் அன்றைய நாள் போச்சு.

இன்னொரு தப்பையும் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று கியூபிசிஆரில் அளக்கும்போது, மாறாத ஒரு மரபணுவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். எல்லாரும் ஜிஏபிடிஹெச் என்பதை எடுத்தார்கள், நானும் எடுத்தேன். ஆனால் அது சர்க்கரையை உடைக்கும் என்சைமின் மரபணு. கொழுப்புச் செல்லில் இன்சுலின் கொடுத்தால் அதுவே ஏறும். நான் கொடுத்த கலவையில் இன்சுலின் இருந்தது. எடைக்கல்லே கூடிக் குறையும் தராசில் எட்டு மாதம் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

தட்டில் செல்லுக்குக் கொடுத்துப் பார்த்ததை வைத்துச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லலாமா?

ரொம்பக் குறைவாகத்தான் சொல்லலாம். நம் ஊரில் "இந்த இலைச் சாறு, அந்தச் செல்" என்று வரும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை எனக்குப் பிடிப்பதில்லை. என்னுடைய முதல் பாதியும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் குர்குமின் என்ற பொருளை லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று தட்டில் ஊற்றிச் செல் செத்தது, அழற்சி குறைந்தது என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்திருக்கின்றன. வாய்வழியாகக் கிராம் கணக்கில் சாப்பிட்டாலும் ரத்தத்தில் சேர்வது பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு குறைவு. குடலில் சரியாக ஏறாது, ஏறியதையும் கல்லீரல் உடனே மாற்றி அனுப்பிவிடும். போதாக்குறைக்கு, குர்குமின் பலவகைச் சோதனைகளில் அளவீட்டையே குழப்பி, வேலை செய்வதுபோலக் காட்டக்கூடியது. 2017-ல் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் இதை அலசி ஒரு நீண்ட கட்டுரை வந்தது; லேபில் எல்லாரும் ஒரு வாரம் முகம் தொங்கிப் போயிருந்தோம். மிளகில் இருக்கும் பைப்பரின் என்ற பொருள், குர்குமின் உறிஞ்சப்படுவதைக் கூட்டும் என்று 1998-ல் பெங்களூரில் காட்டியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கே கொடுத்தது 2 கிராம் குர்குமின். மஞ்சள்தூளில் குர்குமின் சில சதவீதம்தான். வீட்டுச் சாம்பாரில் விழுவது அரை ஸ்பூன் மஞ்சள்தூள், அதுவும் நாலு பேருக்கு.

மருந்து என்றால் ஒரு பொருள், ஓர் அளவு, ஒரு வேளை. சாப்பாடு அப்படி வருவதில்லை.

எலியில் செய்யலாமே?

செய்யலாம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வர மாதங்கள் ஆகும், அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இந்தத் துறையே எலியில்தான் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். ராபர்ட் மெக்காரிசன் 1918-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி என்ற சத்துக்குறை நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அவர் இந்தியாவின் வெவ்வேறு பகுதிச் சாப்பாடுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய் என்ற சீக்கியச் சாப்பாட்டு எலிகள் முதலிடம். அரிசியே பிரதானமாக இருந்த மதராஸிச் சாப்பாட்டு எலிகள் கடைசி. என் வைவாவில் வெளித்தேர்வாளர் இதைச் சொல்லிவிட்டு, "உங்க ஊர் எலிதான் கடைசி, என்ன சொல்றீங்க?" என்று சிரித்தார். பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

எங்கள் வீடு முட்டைகூடச் சேராத வீடு, எலியை அறுக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: அறுக்காமலும் பிஎச்டி செய்யலாம். ஆனால் செல் வளர்ப்பதும் சைவம் இல்லை, சீரம் எங்கிருந்து வருகிறது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

வீடு வீடாகப் போய் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?

இந்தக் கேள்வியை நானே ஒரு காலத்தில் கேட்டவள். என் ஆய்வின் இரண்டாவது பாதி, சென்னைக் குடும்பத்துப் பெண்களிடம் ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களில் சில மரபணுக்களை அளந்து, அவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துப் பார்ப்பது. ரத்தத்துக்கு மூன்று வருடம் உழைத்தேன். சாப்பாட்டுக்கு ஒரு பக்கக் கேள்வித்தாள், இரண்டு பயிற்சி மாணவிகள். முதல் கட்டுரையை அனுப்பியபோது மதிப்பாய்வாளர் ஒரே வரி எழுதினார்: உணவை எப்படி அளந்தீர்கள்? கட்டுரை திரும்பி வந்தது. மறுபடி வீடு வீடாக நானே போனேன்.

வேளச்சேரியில் ஒரு வீடு. நேற்று காலை முதல் இன்று காலைவரை சாப்பிட்டதைக் கேட்கும் முறை.

"நேத்து என்னக்கா சாப்ட்டீங்க?"

"என்னத்த சாப்ட்டேன், ரெண்டு வாய் சாதம். காலைல ஒண்ணும் சாப்டலம்மா."

"எழுந்ததும்?"

"டீதான்."

"அப்புறம்?"

"புள்ளைங்க வச்சிட்டுப் போன இட்லி ரெண்டு. வீணாப் போவுதேன்னு."

"பதினோரு மணி போல?"

"டீ. கூட ரெண்டு பொறை."

சாயங்காலம் பக்கத்து வீட்டில் கொடுத்த பஜ்ஜி மூன்று. அதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை, நான் தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகு வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நம் பேச்சில் சாப்பிட்டேன் என்றால் சோறு. டிபன் சாப்பாட்டில் சேராது, காபி டீ சேரவே சேராது, நின்றுகொண்டு வாயில் போட்டது நினைவிலேயே இருக்காது. கேள்வித்தாளை அச்சடித்தவருக்கு இது தெரியாது. அன்றிலிருந்து "என்ன சாப்ட்டீங்க" என்று கேட்பதை விட்டேன். "எழுந்ததுலேர்ந்து வாயில என்னென்ன போட்டீங்க, வரிசையா சொல்லுங்க" என்றுதான் கேட்பேன்.

ரெண்டு வாய் சாதம் எவ்வளவு? பையிலிருந்த சமையல் தராசை எடுத்து வைத்து, "அதே அளவு இந்தத் தட்டுல போடுங்கக்கா" என்றேன். 410 கிராம். இன்னொரு வீட்டில் "ஒரு டம்ளர் அரிசி போடுவேன்" என்றார்கள். அந்த டம்ளரைக் காட்டச் சொன்னால் சொம்பு. எண்ணெய் எவ்வளவு என்று யாரிடமும் கேட்கக் கூடாது, எல்லாரும் "கொஞ்சூண்டு" என்பார்கள். ஒரு லிட்டர் பாக்கெட் மாதம் எத்தனை வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நாலு பேருக்கு மூன்று பாக்கெட் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி. கொஞ்சூண்டு தீர்ந்தது.

இதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன, பெரும்பாலும் சமைக்காத பொருட்கள். சாம்பாரைத் துவரம்பருப்பு, புளி, காய், எண்ணெய் என்று பிரித்துத்தான் கணக்குப் போட முடியும். எத்தனை சாம்பார்! என் நோட்டில் மட்டும் ஒன்பது வகை.

மரபணு 1.38 மடங்கு கூடியது என்று இரண்டு தசமம்வரை எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் எண்ணெய் கொஞ்சூண்டு என்று வைத்துக்கொண்டு இரண்டுக்கும் தொடர்பு தேடுவது எந்த ஊர் நியாயம்? நான் மூன்று வருடம் செய்தது அதைத்தான்.

எச்சிலை அனுப்பினால் மரபணு பார்த்து டயட் சொல்கிறார்களே, வாங்கலாமா?

வாங்காதீர்கள். எடையோடு தொடர்புள்ள மரபணுக்களில் பேர்போனது எஃப்டிஓ, 2007-ல் வெளிவந்தது. எடை கூட்டும் வடிவம் அப்பா வழி அம்மா வழி இரண்டிலும் வந்தவர்கள், இரண்டிலும் வராதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அதிகம். ஐரோப்பியர்களிடம் எடுத்த கணக்கு அது. மூன்று கிலோவைத் தீபாவளி வாரத்திலேயே நாம் பார்த்துவிடுவோம். 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்துக் கொழுப்பு குறைந்த சாப்பாடு ஒரு பாதிக்கும் மாவுச்சத்து குறைந்தது மறு பாதிக்கும் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். யாருக்கு எது ஒத்துவரும் என்று சொல்லக்கூடியது என நினைத்த மரபணு அமைப்பு, எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

எத்தனை வருடம் ஆகும்? நடுவில் கல்யாணம் ஆனால்?

விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் சலுகை, மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை. லேப் ஆய்வு என்றால் ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்வது என்று என்னிடம் கேட்காதீர்கள். செல்லுக்குக் கலவை கொடுத்த எட்டு நாளுக்குள் மட்டும் வேண்டாம்.

2015 வெள்ளத்தில் சாம்பிள் போனதாகச் சொல்கிறார்களே?

போனது. டிசம்பர் 1 இரவு கரண்ட் போனது. மைனஸ் 80 ஃப்ரீஸர் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் சில மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் இருந்த அறையில் முழங்கால் தண்ணீர். மறுநாள் காலை நடந்தே போய்ச் சேர்ந்தபோது டிஸ்ப்ளே மைனஸ் 31 காட்டியது. வேறு கட்டடத்தில் இடம் கிடைத்து, தெர்மகோல் பெட்டியில் கிடைத்த ட்ரை ஐஸைப் போட்டு, நாலு பேர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தோம். எண்பத்துச் சொச்சம் பெண்களின் ஆர்என்ஏவில் ஏறத்தாழ கால்வாசி உடைந்துபோனது. இன்னும் இரண்டு பெட்டியில் சாம்பிள் நன்றாகவே இருந்தது, ஆனால் மார்க்கரில் எழுதிய எண்கள் அழிந்துபோயின. யாருடைய ரத்தம் என்று தெரியாத ரத்தத்தை வைத்து என்ன செய்வது? தூக்கிப் போட்டேன்.

அதனால்: பென்சிலால் எழுதுங்கள், அல்லது உறைகுளிருக்கான லேபிள் ஒட்டுங்கள். மூடியில் மட்டும் எழுதாதீர்கள், பக்கவாட்டிலும் எழுதுங்கள். சாம்பிளை இரண்டாகப் பிரித்து இரண்டு ஃப்ரீஸரில், முடிந்தால் இரண்டு கட்டடத்தில் வையுங்கள்; இரண்டில் ஒரு ஃப்ரீஸராவது மாடியில் இருக்கட்டும். அக்டோபர் பிறந்ததும் ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

முடித்தால் என்ன வேலை?

உதவிப் பேராசிரியர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நிறுவனங்களில் திட்ட விஞ்ஞானி, உணவு நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவு, மருத்துவப் பரிசோதனை நிறுவனங்கள், வெளிநாட்டில் போஸ்ட்டாக். மருத்துவமனை டயட்டீஷியன் வேலைக்குப் பிஎச்டி தேவையில்லை. அதுதான் ஆசை என்றால் இந்திய டயட்டெட்டிக் சங்கத்தின் ஆர்டி (பதிவுபெற்ற டயட்டீஷியன்) தேர்வை எழுதிவிட்டு ஐந்து வருடத்தை மிச்சப்படுத்துங்கள். என்னோடு சேர்ந்த ஐந்து பேரில் இரண்டு பேர் கற்பிக்கிறார்கள், ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் மருத்துவ ஆவணங்கள் எழுதி எங்கள் எல்லாரையும்விட அதிகம் சம்பாதிக்கிறார். ஒருவர் பாதியில் விட்டுவிட்டு அம்பத்தூரில் சிறுதானிய மாவு அரைக்கிறார். அவர் கேழ்வரகு மாவுதான் எங்கள் வீட்டில்.

ஒரு நாள் வந்து லேபைப் பார்க்கலாமா?

வாருங்கள், முன்னாடியே சொல்லிவிட்டு. மூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டா வேண்டாம். சாப்பாட்டு டப்பாவை வாசலிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். டப்பாவைத் திறந்ததும் நான் தராசை எடுத்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது.